காட்சி ஆபீஸும் ஜெயசுதாவின் பட்டறையும்

பெரம்பலூர் மாவட்டத்தில் ஒருவர் தன் சொந்த நிலத்தில் வீடு கட்டி முடித்துவிட்டால் மட்டும் போதாது. அந்த வீடு சுற்றியுள்ள நிலத்தோடு நல்ல பேச்சுவார்த்தையில் இருக்கிறதா, இல்லை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறதா என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கென்றே மனை நிலத்தோற்ற இயைபு வாரியம் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல அங்கே வேலை பார்ப்பவர்களாலேயே முடியாது. ஜனங்கள் காட்சி ஆபீஸ் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். காட்சி ஆபீஸ் சான்று கொடுக்காமல் ஊருக்கு வெளியே கட்டிய எந்தப் புது வீட்டுக்கும் கரண்டு கிடையாது.

அந்த ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. மூன்று பக்கமும் ஜன்னல், மூன்றையும் பீரோவால் அடைத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் காற்று வந்து இயற்கை சம்பந்தப்பட்ட கோப்புகளைக் கலைத்துவிடுகிறதாம். நாலாவது சுவரில் பனி மூடிய மலையும் அதன் காலடியில் ஒரு மர வீடும் உள்ள பெரிய படம். ஜெயசுதா முதல் தடவை போய்க் காத்திருந்தபோது அந்தப் படத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரர்கள் எதையாவது காய வைக்க வேண்டுமென்றால் எங்கே போடுவார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஜெயசுதாவுக்கும் அவள் புருஷன் அரியமுத்துவுக்கும் பூலாம்பாடிக்கு வெளியே, பச்சைமலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், சின்ன வெங்காயம் விளைகிற நிலம். மாசியில் பிடுங்கியதில் நல்ல காயாகப் பொறுக்கி விதைக்கு ஒதுக்கி, ஆடியில் நடும் வரை பட்டறையில் போட்டுக் காப்பாற்ற வேண்டும். பட்டறை என்றால் பெரிய விஷயமில்லை. கல் வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி, பக்கமெல்லாம் மூங்கில் தட்டி அடைத்து, மேலே கரும்புத் தோகை போட்ட நீளமான கூண்டு. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். காற்று நின்றால் ஒரு மூலையில் அழுகல் தொடங்கும். அந்த வாடையை உடனே பிடிக்கிற மூக்கு பக்கத்தில் இருந்தால் கெட்டதை மட்டும் அள்ளி எறிந்துவிடலாம். இல்லாவிட்டால் அடுத்த வெள்ளாமைக்கு விதை இல்லை.

போன வருஷம் அதுதான் நடந்தது. அவர்கள் ஊருக்குள் கொழுந்தன் வீட்டில் ஒரு அறையில் இருந்தார்கள். வெங்காயம் ஊருக்கு வெளியே கொல்லையில், மூக்கு ஊருக்குள். வாடை தெரிந்தபோது பட்டறையே பாழாகியிருந்தது. அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு வந்த அன்று ஜெயசுதா சோறு தின்னவில்லை. இனிமேல் பட்டறையோடுதான் படுக்கை என்று மட்டும் சொன்னாள். போதாக்குறைக்கு ஆவணியில் கொழுந்தன் மகனுக்குக் கல்யாணம், அந்த அறை மணமக்களுக்கு வேண்டும்.

வீடு கட்டியவர் கொத்தனார் நசீருதீன். லப்பைக்குடிகாட்டுக்காரர், துபாயில் பெரிய பெரிய கட்டடமெல்லாம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பிளான் என்ன என்று அவர் கேட்டதற்கு ஜெயசுதா கையை மேற்கே நீட்டிக் காண்பித்தாள். மலையிலிருந்து வருகிற காற்று முதலில் பட்டறைக்குள் நுழைய வேண்டும். பட்டறையைத் தாண்டியதும் கூடத்தின் மேற்குச் சுவர். அதில் செங்கலை இடைவெளி விட்டு அடுக்கினால் காற்று வீட்டுக்குள் வந்து கிழக்கு வாசலால் வெளியே போகும். பாயில் படுத்தபடியே வெங்காயத்தின் சேதி தெரிய வேண்டும். நசீருதீன் அப்படியே கட்டிக் கொடுத்தார். பங்குனி வெயிலில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. பட்டறையின் நல்ல வாடை லேசாகக் கூடம் முழுக்க இருக்கும்.

அந்தப் பங்குனியில்தான் இயைபு அலுவலர் சிவசுப்பிரமணியன் முதல் தடவையாக வந்தார். ஜீப்பை வாசல்வரை கொண்டுவந்து, ஜீப்பிலிருந்து நேராக நிழலுக்குள் கால் வைத்தார். நிலக்காட்சி எங்கே என்று கேட்டார். ஜெயசுதா வெங்காயம் எடுத்த நிலத்தையும், ஓரத்தில் நின்ற மக்காச்சோளத்தையும், கிணற்றையும் காண்பித்தாள். அவர் பொறுமையாகச் சிரித்தார்.

"அம்மா, வேலை செய்யற எடம் நிலக்காட்சி ஆகாது. கையைக் கட்டிக்கிட்டுப் பாக்கற எடம்தான் நிலக்காட்சி. நீங்க இதுல எறங்கி உழைக்கறீங்க. உழைச்ச உடனே அது வேற துறைக்குப் போயிடும், எங்க கணக்குல வராது."

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க இங்கே என்ன இருக்கிறது என்று அவள் நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். சிவசுப்பிரமணியன் நாலு பக்கமும் கழுத்தைத் திருப்பித் தேடினார். மேற்கே பச்சைமலை அகப்பட்டது. அதில் யாரும் களை எடுத்துக்கொண்டிருப்பது அவர் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை என்பதால் அது தகுதி பெற்றது. இந்த வீடு மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது என்றும், மேற்குச் சுவரை எடுத்துவிட்டுத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைத்தால் மேற்கொண்டு பேசலாம் என்றும் சொன்னார். மேற்கு வெயில் உள்ளே அடிக்குமே என்றாள் ஜெயசுதா. வெயிலும் இயற்கைதானே என்றார் அவர்.

நசீருதீன் தலையைச் சொறிந்தார்.

"துபாய்லயும் கண்ணாடிதான் வெப்போம் அக்கா. அங்க உள்ளாற ஏசி ஓடும். இங்க கரண்டு வேணும்னா கண்ணாடி வெக்கணுங்கறாங்க, கண்ணாடிக்குள்ள உக்காரணும்னா கரண்டு வேணும். எனக்கே மண்டை காயுது."

அரியமுத்து சாது. கழுத்துப்பட்டை போட்டவர்களைக் கண்டாலே துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிற ஆள். ஆபீசரைப் பகைத்துக்கொண்டால் கரண்டு வராது, கரண்டு வராவிட்டால் ஆவணியில் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று புலம்பினார். பாலுக்கு வைத்திருந்த ஆடுகளை விற்றுக் கண்ணாடி வாங்கினார்கள். சித்திரையில் கண்ணாடி ஏறியது. அன்று மதியமே கூடம் அடுப்பாகிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் புது வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, வீட்டைக் கையைக் கட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாம் தடவை வந்த சிவசுப்பிரமணியன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மலை தெரியவில்லை. பட்டறையின் முதுகு தெரிந்தது. காட்சிக்குக் குறுக்கே கட்டுமானம் என்று சொல்லி வருத்தப்பட்டார். உள்ளே விதை இருக்கிறது, ஆடி வரை அதை அசைக்க முடியாது என்று ஜெயசுதா உறுதியாகச் சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. வாரியம் கல்நெஞ்சம் படைத்தது அல்ல, இப்படிப்பட்டவர்களுக்காகவே மாற்றுக் காட்சி என்று ஒரு விதி இருக்கிறது என்றார். மலை மறைந்த இடத்தில் மலையின் படத்தை வைத்தால் மலை மறைந்ததாக ஆகாது.

பத்தாம் நாள் பிளெக்ஸ் வந்து சேர்ந்தது. பட்டறையின் நீளம் முழுக்க, வீட்டைப் பார்த்த பக்கத்தில், காற்றுப் புக முடியாதபடி இழுத்துக் கட்டினார்கள். பச்சைமலை வைகாசியில் காய்ந்து செம்மண் நிறத்தில் கிடந்ததால் அதைப் படம் எடுக்க ஆபீசுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. ஆகவே ஆபீஸ் சுவரில் இருந்த பனிமலையையே பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். பனியின் வலது ஓரத்தில் வாரியத் தலைவர் சட்டைப்பையில் பேனாவுடன் கும்பிட்டபடி நின்றார். மர வீடு இருந்த இடத்தில் சிவசுப்பிரமணியன் சின்னதாக இருந்தார். பூலாம்பாடி சந்தைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, யாருக்குக் காதுகுத்து என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது குறை வாசற்படி. உள்ளும் வெளியும் ஒன்றாக ஓட வேண்டுமாம், படி அதைத் தடுக்கிறதாம். படியையும் நிலைவாசலின் கீழ்க்கட்டையையும் பெயர்த்து எடுத்துத் தரையோடு தரையாக்கினார்கள். அந்த வாரமே கோடை மழை பெய்து, கொல்லைத் தண்ணீர் எந்தத் தடையும் இல்லாமல் கூடத்துக்குள் ஓடியது. மறுநாள் ஆய்வுக்கு வந்த சிவசுப்பிரமணியன் கூடத்து மூலையில் ஒரு தவளை உட்கார்ந்திருப்பதைக் கண்டார். அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தவளைக்குத் தனி மதிப்பெண் போட்டார். அடுத்த ஆய்வு வரை அதை விரட்ட வேண்டாம் என்று அரியமுத்துவிடம் கேட்டுக்கொண்டார். அரியமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிங்க என்றார்.

அந்தத் தவளையால் ஜெயசுதாவின் வீடு மாவட்டத்திலேயே முதலாவதாக வந்துவிட்டது. மாதிரி வீடு என்று அறிவித்தார்கள். ஆனி பிறந்ததும் வாரியத் தலைவரே நேரில் வந்து, பந்தல் போட்டு, சான்று வழங்குவார், மின்வாரியத்து உதவிப் பொறியாளர் கவிதாவும் வந்து அங்கேயே இணைப்புக் கொடுப்பார் என்று சேதி வந்தது.

விழாவன்று விடிந்ததும் ஜெயசுதா பட்டறையைச் சுற்றிக் கூட்டப் போனாள். கண்ணாடி போட்டதிலிருந்து வீட்டுக்குள் வெங்காயத்தின் எந்தச் சேதியும் வருவதில்லை. தட்டியின் இடுக்கில் வழக்கம்போலக் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே சுட்டது. கையை எடுத்து முகர்ந்தாள். போன வருஷத்து வாடை.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூன்று மாதமாகச் சரிங்க சார், சரிங்க சார் என்று தலையாட்டித் தன் மூக்கைத் தானே அடைத்துக்கொண்டோமே என்ற ஆத்திரம். கருக்கரிவாளை எடுத்து வந்து பிளெக்ஸ் கட்டிய கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். அரியமுத்து பல் துலக்கிய வாயோடு ஓடி வந்தார்.

"ஏ புள்ள, தலைவர் வர்ற அன்னிக்குத் தலைவர் படத்தையே அறுக்கறியே."

"வெத போச்சுன்னா தலைவரா வந்து கொல்லைய நடுவாரு? பேசாம வந்து அள்ளுங்க."

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அள்ளினார். பந்தல் வேலைக்கு உதவ வந்த நசீருதீனும் சேர்ந்துகொண்டார். மேகம் கவிந்திருந்தது, வெளியே கொட்ட முடியாது. கூடத்தில் பிளெக்ஸை விரித்து, பட்டறையை முழுக்க அதன் மேல் கொட்டினார்கள். பனிமலை நிறைய வெங்காயம். அழுகலை ஒரு பக்கம், நசுங்கினதை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருக்கும்போதே ஜீப்புகள் வந்துவிட்டன. முக்கால்வாசி நல்ல காய்தான், நல்லவேளையாகத் தப்பியது.

கூடத்துக்குள் எட்டிப் பார்த்த சிவசுப்பிரமணியனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. தன் படம் எங்கே என்று தேடினார், அது அழுகலுக்கு அடியில் இருந்தது. அதற்குள் தலைவர் உள்ளே வந்துவிட்டார். இயற்கையே வீட்டுக்குள் வந்து குவிந்திருக்கிறது, இதைத்தான் நான் எதிர்பார்த்தேன் என்று பாராட்டி, விழாவைப் பந்தலில் வேண்டாம், இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். நாற்காலிகள் உள்ளே வந்தன. மைக்குக்கு ஜெனரேட்டர் ஓடியது. நசுங்கின வெங்காயமும் கண்ணாடிக் கூடத்துப் புழுக்கமும் சேர்ந்து, வரவேற்புரை முடிவதற்குள் எல்லார் கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர்.

தலைவர் அழுதபடியே பேசினார். "எனக்கு இயற்கை மேல சின்ன வயசுலேருந்து தீராத பற்று. எந்த வண்டியில போனாலும் ஜன்னலோர சீட்டுதான் கேப்பேன். பாக்காத மலை கிடையாது. எறங்கினது கிடையாது, அதுக்கு நேரம் இல்ல. ஆனா பாத்துடுவேன்." பின்வரிசையில் இருந்தவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைதட்டினார்கள்.

அடுத்து சிவசுப்பிரமணியன். பிளெக்ஸ் விஷயத்தில் போன மானத்தை மீட்டுக்கொள்ள வேண்டிய அவசரம் அவருக்கு. குரலை உயர்த்தினார்.

"ஐயா, வாரியம் கை வைக்கறதுக்கு முன்னாடி இது வீடே இல்ல. நான் அதிகாரபூர்வமாவே சொல்றேன். இது வெறும் வெங்காயப் பட்டறை. பட்டறைக்குப் பக்கத்துல ரெண்டு பேரு பாயைப் போட்டுப் படுத்திருந்தாங்க. அவ்வளவுதான். நாங்க கண்ணாடி வெச்சோம், படியெடுத்தோம், காட்சி குடுத்தோம். இன்னிக்குத்தான் இது வீடு."

கைதட்டல் அடங்கியதும் சான்றும் பொன்னாடையும் வாங்கிக்கொள்ள ஜெயசுதாவைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். சான்றுக்குக் கை நீட்டாமல் மைக்கைப் பிடித்தாள். தலைவரைப் பார்க்காமல் உதவிப் பொறியாளர் கவிதாவைப் பார்த்தாள்.

"மேடம், பட்டறைக்குக் கரண்டு வேணும்னா காட்சி ஆபீஸ் சான்று வேணுங்களா?"

கவிதா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனதுக்குள் விதியைப் புரட்டிப் பார்த்தாள். "பட்டறைக்கு வேணாங்க. அது வெளைச்சல் வெக்கற எடம்தானே. எங்களுக்கு ஒரு மனு குடுத்தா போதும்."

"அப்ப இது பட்டறைதாங்க," என்றாள் ஜெயசுதா. "சாரே எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டாரு. அவரு இதுக்கு மேல செஞ்சதை எல்லாம் நாங்க திருப்பிக் குடுத்துடறோம். நசீர் பாய், கண்ணாடியக் கழட்டுங்க."

தலைவர் யோசித்துவிட்டு, அப்படியானால் காட்சி என்ன ஆவது என்று கேட்டார். அவர் குரலில் நிஜமான கவலை இருந்தது.

"காட்சிய நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க சார். நாங்க இதைப் பாக்கறதுக்குக் கட்டலீங்க, பொழைக்கறதுக்குக் கட்டுனோம்."

அரியமுத்து துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய்க் கண்ணாடியின் ஒரு முனையைப் பிடித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஜெயசுதாவுக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த பிரியம் போல வந்ததில்லை.

நசீருதீன் பிஸ்மில்லா சொல்லிச் சட்டத்தை நெம்பினார். முதல் கண்ணாடி கழன்ற இடத்தில், இரண்டு மாதமாக வெளியே காத்திருந்த மேல்காற்று, காலியான பட்டறை வழியாக மொத்தமாக உள்ளே பாய்ந்தது. பூச்செண்டு உருண்டது. தலைவரின் கையில் இருந்த சான்று பறந்து, படியில்லாத வாசலால் எந்தத் தடையும் இல்லாமல் வெளியே ஓடி, கொல்லைக்குள் போய்விட்டது. காட்சி ஆபீஸ் ஆட்கள் ரெண்டு பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர்கள் மண்ணில் கால் வைத்தது அன்றைக்குத்தான். கண்ணாடிகள் ஜீப்புக்குள் நுழையவில்லை. பந்தல் சாமான் ஏற்றி வந்த வண்டியில் அடுக்கி, காட்சி ஆபீசுக்கே அனுப்பி வைத்தார்கள்.

மறு வாரம் மனு கொடுத்த நாலாம் நாள் பட்டறைக்குக் கரண்டு வந்தது. மேற்குச் சுவரில் செங்கலைப் பழையபடி இடைவெளி விட்டு அடுக்கினார்கள். படி திரும்ப வந்தது. தவளை கிணற்றடிக்குப் போய்விட்டது.

ஆனி கடைசியில் சிவசுப்பிரமணியன் தனியாக வந்தார். பட்டறைக்குள் குடியிருப்பதாகப் புகார் வந்திருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்றார். புகார் கொடுத்தது யார் என்று அவரும் சொல்லவில்லை, ஜெயசுதாவும் கேட்கவில்லை. கூடத்தில் வெங்காயத் தாள் கிள்ளிக்கொண்டிருந்தவள் இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னாள். கட்டில் எதற்கு என்றார். காவலுக்கு இருக்கிறவர்கள் படுக்க என்றாள். அடுப்பு எதற்கு என்றார். காவல் இருக்கிறவர்களுக்குப் பசிக்கும் என்றாள். டிவி எதற்கு என்று கேட்டார். தூங்காமல் காவல் இருக்க என்றாள். பீரோவில் பட்டுப்புடவை இருக்கிறதே என்றார். அதற்கும்தான் காவல் என்றாள்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஜெயசுதா ஒரு கூடை வெங்காயத்தை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். பட்டறைக்குள் வந்தவர்கள் சும்மா உட்காரக்கூடாது என்றாள். அவர் ஒரு காயை எடுத்து அதன் காய்ந்த தாளைக் கிள்ளினார். இன்னொன்றைக் கிள்ளினார். வெளியே உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சட்டையின் மேல் பொத்தானை அவர் கழற்றிவிட்டுக்கொண்டார். ஃபேன் ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்தார், அது ஓடவில்லை.

"இந்தக் காத்து எங்கேருந்தும்மா வருது?" என்றார், தான் கேட்டது தனக்கே தெரியாதவர் போல.

ஜெயசுதா தலை நிமிரவில்லை. "மலைலேருந்துதான் சார். நீங்க கண்ணாடி வெச்சு அடைச்சீங்களே, அந்த மலை. கூடையில இன்னும் பாதி இருக்கு, கிள்ளுங்க."